கேடயத்தில் "நங்கை" என்று எழுதலாமா?

மன்னைச்செல்வி | திங்கள், இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நான் மகளிர் சுய உதவிக் குழுவின் செயலாளர். எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் 34 வருடம் வேலை பார்த்த நர்ஸம்மா இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். ஊரில் என் வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு முதல் தடுப்பூசி போட்டது அவர் கைதான். என் இரண்டு பிள்ளைகளுக்கும் அவர்தான் போட்டார். புதன்கிழமை காலையில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பு வழியே வருவார். மழையில் ரோடு அறுத்துக்கொண்டு போன வருடத்தில்கூட ஒரு புதன் தவறியதில்லை.

குழுவில் பணம் போட்டு ஒரு கேடயம் கொடுக்கலாம் என்று முடிவானது. அதில் "நற்பணி நங்கை" என்று போடலாம் என்று நான் சொன்னேன். எல்லோருக்கும் பிடித்தது. எழுத்து வெட்டும் கடையில் கொடுக்கப் போகும்போது குழுவில் ஒருவர், "நங்கைன்னு போட்டா திருநங்கைன்னு நினைச்சுக்க மாட்டாங்களா? வேற வார்த்தை பாருங்க" என்றார். உடனே இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மனது ஒப்பவும் இல்லை.

இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? அறுபது வயதுப் பெண்ணுக்குப் போடலாமா? வெள்ளிக்கிழமைக்குள் கடைக்காரரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

---

நேர்ப்பேச்சு | திங்கள், இரவு 9.48

சகோதரி, சண்டை எதற்கு? "சிங்கப்பெண்" என்று போட்டுவிடுங்கள். எல்லோருக்கும் புரியும். இல்லையென்றால் "வீராங்கனை". நங்கை பழைய பாட்டுச் சொல். இப்போது யார் பேசுகிறார்கள்?

---

கோபிக்காரி | திங்கள், இரவு 10.15

யார் பேசுகிறார்களா? நாங்கள் தினமும் பேசுகிறோம்! கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் வீட்டில் அண்ணன் மனைவியை "நங்கையா" என்றுதான் கூப்பிடுவோம். "நங்கையா, காப்பி வைக்கட்டுங்களா" என்று காலையில் தொடங்கினால் ராத்திரி வரைக்கும் அதேதான். என் அம்மா, என் அப்பாவுடைய அக்காவையும் அப்படித்தான் சொல்வார். கொங்கு நாட்டில் பிறந்த பெண்ணுக்கு இது பாட்டுச் சொல் இல்லை, அடுப்படிச் சொல்.

என் நங்கையா கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பதினோரு வயது. எனக்கு முதன்முதலாகச் சடை பின்னிவிட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தியது அவர்தான். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு அவர் கையில் இருந்த விளக்கெண்ணெய் வாசம் வரும். போடுங்க செல்வி அக்கா, யோசிக்காதீங்க.

---

ஏடும்எழுத்தும் | செவ்வாய், காலை 6.30

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். செல்வி அம்மா கேட்டது நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அகராதியில் நங்கைக்குப் பொருள் "பெண்ணிற் சிறந்தாள்". இதற்கு ஆண்பால் நம்பி, "ஆடவரிற் சிறந்தோன்". இரண்டும் சோடியாகவே இலக்கணத்தில் வரும். ஒருவரைக் கூப்பிடும்போது சொல் எப்படி மாறும் என்று தொல்காப்பியம் சொல்லும் இடத்தில் "இ ஈ ஆகும் ஐ ஆய் ஆகும்" என்று ஒரு விதி. உரைகாரர்கள் அதற்கு எடுத்துக்காட்டுவது நம்பி, நம்பீ, நங்கை, நங்காய். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் இந்தச் சோடியைத்தான் கரும்பலகையில் எழுதினேன்.

இப்போது வயது விஷயம். பெண்ணின் பருவம் ஏழு என்று சிற்றிலக்கிய இலக்கணம் பிரிக்கும். பேதை 5 முதல் 7 வயது, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13, மடந்தை 14 முதல் 19, அரிவை 20 முதல் 25, தெரிவை 26 முதல் 31, பேரிளம்பெண் 32 முதல் 40. நூலுக்கு நூல் கணக்கு கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஆனால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, நாம் வாழ்த்து அட்டையில் எல்லாம் போடுகிற "மங்கை" இந்தக் கணக்கில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி. இரண்டு, பட்டியல் நாற்பதோடு நின்றுவிடுகிறது. நாற்பதுக்கு மேல் ஒரு பெண் இருப்பதையே அது கணக்கில் எடுக்கவில்லை.

நங்கை இந்தப் பட்டியலிலேயே இல்லை. ஏன் என்றால் அது வயதைச் சொல்ல வந்த சொல் இல்லை. பதினாறு வயதிலும் நங்கை, எண்பது வயதிலும் நங்கை. அறுபது வயது நர்ஸம்மாவுக்குப் பழந்தமிழில் தேடினால் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

வீராங்கனை பற்றி ஒரு வார்த்தை. அதிலுள்ள "அங்கனை" வடமொழியில் பெண் என்று பொருள்படும். நல்ல சொல்தான். ஆனால் இன்றைக்கு அதைச் சொன்னால் ஓட்டப்பந்தயமும் கபடியும்தான் முதலில் மனதில் வரும்.

---

நேர்ப்பேச்சு | செவ்வாய், காலை 8.05

ஐயா, மங்கைக்கு அவ்வளவு குறுகிய பொருள் என்றால் "மங்கையராகப் பிறப்பதற்கே நல்ல மாதவம் செய்திட வேண்டுமம்மா" என்று கவிமணி பாடியது? பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார்? அவர் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அரசியா?

---

ஏடும்எழுத்தும் | செவ்வாய், காலை 8.40

சரியான கேள்வி. ஒத்துக்கொள்கிறேன். மங்கை என்பது பொதுவாகப் பெண் என்ற பொருளுக்கு விரிந்து ரொம்ப காலமாகிவிட்டது. திருஞானசம்பந்தர் "மங்கையர்க்கரசி வளவர்கோன் பாவை" என்று பாடும்போதே அது பெண்கள் என்றுதான் பொருள். நான் சொல்ல வந்தது, மங்கை விரிந்தபோது "பெண்" என்று ஆனது. "சிறந்த பெண்" என்று ஆகவில்லை. அதனால்தான் சிறப்பைச் சொல்ல "மங்கையர்க்கு அரசி" என்று இன்னொரு சொல்லைச் சேர்க்க வேண்டியிருந்தது. நங்கைக்கு அந்தத் துணை தேவையில்லை.

---

சொல்தேடி | செவ்வாய், மதியம் 1.10

கோபிக்காரி அக்கா சொன்ன "நங்கையா" எனக்கு ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. பொறுமையாகக் கேளுங்கள்.

பழந்தமிழில் தம்பி என்ற சொல் தனியாக இல்லை, ஒரு வரிசையாக இருந்தது. எம்பி என்றால் என் தம்பி. நும்பி அல்லது உம்பி என்றால் உன் தம்பி. தம்பி என்றால் அவனுடைய தம்பி. கம்பராமாயணத்தில் எம்பியும் உம்பியும் கொட்டிக் கிடக்கும். அதே மாதிரி எங்கை என் தங்கை, நுங்கை உன் தங்கை, தங்கை அவளுடைய தங்கை. நாளடைவில் மற்றவை விழுந்துவிட்டன. தம்பியும் தங்கையும் மட்டும் மிச்சம்.

இப்போது அந்த வரிசையில் "நம்" என்பதைப் போட்டுப் பாருங்கள். தம்பியில் உள்ள தம் இடத்தில் நம் என்று சேர்த்தால் நம்பி. தங்கையிலும் அப்படியே நம் என்று சேர்த்தால் நங்கை. நம் பையன், நம் பெண்!

அதாவது நங்கை முதலில் உறவுச் சொல்லாக இருந்து, "நம்மவள்" என்ற பெருமையிலிருந்து "சிறந்தவள்" என்று ஆகியிருக்க வேண்டும். கொங்குச் சீமையில் இன்றைக்கும் அது உறவுச் சொல்லாகவே இருப்பது அதற்குச் சாட்சி மாதிரி இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. நக்கீரன், நப்பின்னை, நச்செள்ளை என்று பெயர்களுக்கு முன்னால் "ந" வரும். அது சிறப்பைக் காட்டும் முன்னொட்டு என்பார்கள். காக்கை பாடினியார் நச்செள்ளையார் சங்கப் புலவர், பெண். நங்கையிலும் அந்த "ந" தான் என்று கொள்வாரும் உண்டு. ஆனால் நம்பி, நங்கை, தம்பி, தங்கை நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் மனது முதல் வழிக்கே போகிறது.

---

ஏடும்எழுத்தும் | செவ்வாய், மதியம் 2.00

தம்பி, அருமை. நம்பிக்கு "நம்பு" என்ற உரிச்சொல்லை அடியாகச் சொல்வாரும் உண்டு. "நம்பும் மேவும் நசையா கும்மே" என்பது தொல்காப்பியம். அப்படியானால் நம்பி விரும்பப்படுபவன். ஆனால் அந்த வழியில் போனால் நங்கைக்கு விளக்கம் கிடைக்காது. சோடியை ஒன்றாக விளக்குவது உங்கள் வழிதான்.

---

சுசீந்திரத்தான் | செவ்வாய், மாலை 6.25

எங்கள் ஊரில் நங்கை சாமி. சுசீந்திரத்தில் முன்னுதித்த நங்கை அம்மன் கோயில் இருக்கிறது. நவராத்திரிக்கு வருடா வருடம் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலம் போகும். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, எங்கள் ஊரிலிருந்து முன்னுதித்த நங்கை. பல்லக்கு கிளம்பும்போது தெருவில் நிற்கிற பெண்களைப் பார்க்க வேண்டும். சொந்த வீட்டுப் பெண்ணைப் புக்ககம் அனுப்புகிற மாதிரி கண் கலங்கி நிற்பார்கள். திரும்பி வரும் நாளில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைத்திருப்பார்கள். என் பாட்டி "நங்க வந்துட்டாளா?" என்றுதான் கேட்பாள். அம்மன் என்றே சொல்ல மாட்டாள். சொல்தேடி சொன்ன "நம் பெண்" என்பதைப் படித்ததும் பாட்டி குரல்தான் காதில் விழுந்தது.

பக்கத்திலேயே திருப்பதிசாரம். நம்மாழ்வாருடைய தாயார் பிறந்த ஊர். அவர் பெயர் உடையநங்கை.

அப்புறம் மலையாளப் பக்கம் போனால் நம்பியார், நங்யார் என்று அதே சோடி. கோயில் நாடக அரங்கான கூத்தம்பலத்தில் நம்பியார் மிழாவு என்ற பானை வடிவ மேளம் கொட்டுவார். அந்தக் குடும்பத்துப் பெண்கள் நங்யார். அவர்கள் தனியாக மேடையேறி ஆடுவதுதான் நங்யார் கூத்து. கேரளத்தில் பெண்ணின் பெயராலேயே ஒரு கலை நிற்கிறது, இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு.

---

கொல்லைப்புறம் | செவ்வாய், இரவு 7.50

சிறியாநங்கை, பெரியாநங்கை என்று மூலிகையும் உண்டே. காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்போம். வாயில் வைத்தால் நாள் முழுக்கக் கசப்பு போகாது. பெயர்க் காரணம் எனக்குத் தெரியாது. ஆனால் உடம்புக்கு நல்லது செய்கிற செடிக்கு அந்தப் பெயர் வைத்தவர்களை எனக்குப் பிடிக்கும்.

---

கனலி | செவ்வாய், இரவு 10.30

எல்லோரும் கொண்டாடுகிறீர்கள். நான் ஒன்று சொல்ல வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தச் சொல் பெண்ணைப் பாராட்டுகிறது, சரி. எதற்காகப் பாராட்டுகிறது? கம்பனில் அனுமன் திரும்பி வந்து இராமனிடம் சொல்வதைப் பாருங்கள். "நற்பெருந் தவத்தள் ஆய நங்கையைக் கண்டேன் அல்லேன்" என்று ஒரு பாட்டில் சொல்கிறான். பிறகு நற்குடிப் பிறப்பையும் பொறுமையையும் கற்பையும் களிநடம் புரியக் கண்டேன் என்கிறான். எவ்வளவு அழகான பாட்டு! எனக்கும் மனப்பாடம். ஆனால் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நெஞ்சில் ஒரு முள் தைக்கும். மரத்தடியில் பசியோடும் பயத்தோடும் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணை அவன் "காணவில்லை". குணங்களைத்தான் கண்டான். பெண் மறைந்துபோகிறாள், கற்பு ஆடுகிறது.

நங்கை என்ற சொல்லோடு இந்த நிபந்தனையும் வருகிறது என்றால், 34 வருடம் வேலை செய்த ஒரு செவிலியருக்கு அது வேண்டாம். அவரைப் பாராட்ட வேண்டியது அவர் வேலைக்காக. பாரதி தன் பாட்டுக்குப் "புதுமைப் பெண்" என்று பெயர் வைத்தபோது "பெண்" என்ற வெறும் சொல்லே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

---

மார்கழிக்கோலம் | புதன், காலை 5.55

கனலி, நீங்கள் சொன்னதை ராத்திரி படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. கம்பன் பாட்டைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது, ஆனால் பொய்யென்று சொல்ல முடியவில்லை. ஆனால் நங்கை அந்த ஒரு இடத்தில் மட்டுமா இருக்கிறாள்?

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கு இந்தச் சொல் வந்தது திருப்பாவையிலிருந்து. பதினான்காம் பாசுரம்: "எங்களை முன்னம் எழுப்புவான் வாய்பேசும் நங்காய் எழுந்திராய் நாணாதாய் நாவுடையாய்". நாளைக்கு உங்களை எல்லாம் நான்தான் வந்து எழுப்புவேன் என்று முதல் நாள் பெருமை பேசிய பெண் இன்னும் எழுந்திருக்கவில்லை. தோழிகள் வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள். பெரியவர்கள் உரையில் நங்காய் என்பதற்கு "குணம் நிறைந்தவளே" என்று பொருள் சொல்வார்கள். அடுத்த மூச்சிலேயே வெட்கமில்லாதவளே, வாயாடி என்று செல்லமாகத் திட்டவும் செய்கிறார்கள். குணம் நிறைந்தவள் என்றால் தூங்கவே மாட்டாள், தவறவே மாட்டாள் என்று இல்லை!

அடுத்த பாசுரத்தில் உள்ளேயிருந்து இன்னொருத்தி பதில் சொல்கிறாள். "சில்லென்று அழையேன்மின் நங்கைமீர் போதர்கின்றேன்". சும்மா கத்தாதீர்கள் நங்கைகளே, இதோ வந்துவிட்டேன். இங்கே கற்பு எங்கே? கணவன் எங்கே? குளிரில் வாசலில் நிற்கிற பெண்களும் போர்வைக்குள் இருக்கிற பெண்ணும் ஒருத்தரை ஒருத்தர் மரியாதையாகக் கூப்பிட்டுக்கொள்கிற சொல் அது. எழுதியவளும் ஒரு பெண்.

சிறு வயதில் எங்கள் தெருவில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருட்டோடு கோயிலுக்குப் போவோம். வராதவள் வீட்டு வாசலில் நின்று இந்த இரண்டு வரியையும் சேர்ந்து சொல்வோம். அந்த வீட்டு அம்மா விளக்கைப் போட்டுவிட்டு, "நங்கை இப்பத்தான் பல் தேய்க்கிறா" என்பார். இன்றைக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயர் நங்கைமீர்.

---

ஆரூர்த்தேர் | புதன், காலை 11.20

கனலிக்கு எங்கள் திருவாரூரிலிருந்து ஒரு பதில்.

முதலாம் ராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு தியாகராசர் கோயிலில் இருக்கிறது. அதில் ஒரு பெண் வருகிறார், அணுக்கியார் பரவை நங்கையார். பட்டத்து அரசி அல்ல. அரசனுக்கு அணுக்கமானவர், அவ்வளவுதான் அவருக்கு அடைமொழி. கற்றளி என்கிற கல் கோயிலுக்கும் பொன் வேய்ந்ததற்கும் அவருடைய கொடை பேசப்படுகிறது. எனக்கு நெஞ்சில் நின்றது ஒரு சின்ன விவரம். அரசனும் அவரும் நின்ற இடம் தெரிய ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டதாக அந்தக் கல்வெட்டு சொல்கிறது. இரண்டு பேர் சேர்ந்து நின்று சாமி கும்பிட்ட இடம். அதற்கு ஒரு விளக்கு.

குடும்பப் பெண்ணா, பட்டத்தரசியா, கற்பரசியா என்று அந்தக் கல் கேட்கவில்லை. நங்கையார் என்று "ஆர்" விகுதியோடு வெட்டி வைத்திருக்கிறது. செய்த காரியத்துக்குக் கிடைத்த மரியாதை அது. ஆயிரம் வருடமாக நிற்கிறது.

மன்னார்குடியிலிருந்து எங்கள் ஊர் பக்கம்தான் செல்வி அக்கா. ஒரு நாள் குழுவோடு வாருங்கள், நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

---

கனலி | புதன், மதியம் 12.45

ஆரூர்த்தேர், மார்கழிக்கோலம், இரண்டு பேருக்கும் நன்றி. கம்பன் பாட்டு பற்றிய என் எண்ணம் மாறவில்லை. ஆனால் சொல்லை அந்தப் பாட்டுக்குள் பூட்டியது என் தவறு. குத்துவிளக்கு விஷயத்தை என் மகளுக்குச் சொன்னேன்.

---

நிலாமகள் | புதன், இரவு 8.10

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் செல்வி அக்காவுடைய முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. "திருநங்கைன்னு நினைச்சுக்க மாட்டாங்களா" என்பதுதானே கேள்வி. நான் திருநங்கை. நான் சொல்கிறேன்.

எனக்கு இப்போது 46 வயது. நான் இளவயதில் இருந்தபோது எங்களைக் குறிக்க ஊரில் இருந்த சொற்களை இங்கே எழுத மாட்டேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். பேருந்தில் ஏறினால் அந்தச் சொல் முன்னால் வரும், சீட்டு பின்னால் வரும். அப்புறம் அரவாணி என்ற சொல் வந்தது. முந்தையதைவிட எவ்வளவோ மேல். கூவாகத்தில் கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டவள் நான், அந்தச் சொல்லை மதிக்கிறேன். ஆனால் அதில் ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சித்திரையில் ஒரு ராத்திரி தாலி, மறுநாள் தாலியறுப்பு, வெள்ளைப் புடவை. வருடத்தில் ஒரு நாள் அழுவதற்கு அது சரி. 365 நாளும் அந்தப் பெயரோடு பால் வாங்கப் போக முடியுமா?

திருநங்கை என்ற சொல் கலைஞர் ஆட்சியில் அரசு வழக்குக்கு வந்தது. அதை முன்வைத்தவர் நர்த்தகி நடராஜ் என்று எங்களுக்குள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பரதக் கலைஞர், 2019இல் பத்மஸ்ரீ வாங்கியவர். 2008 ஏப்ரல் 15 அன்று நல வாரியம் தொடங்கியபோது அதன் பெயரில்கூட அரவாணிகள் என்றுதான் இருந்தது. அந்த ஏப்ரல் 15ஐத்தான் இப்போது திருநங்கையர் தினமாகக் கொண்டாடுகிறோம். 2014இல் எங்களை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் அதே ஏப்ரல் 15.

ஒரு சொல் வந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். நான் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறேன். பால் ஊற்றும் இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார், கேனை அளந்து நோட்டில் எழுதுகிறவர். எல்லோரையும் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடுவார். என் முறை வந்தால் "ம்" என்பார், அவ்வளவுதான். கெட்டவர் இல்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தொலைக்காட்சியிலும் செய்தித்தாளிலும் திருநங்கை திருநங்கை என்று வரத் தொடங்கிய பிறகு ஒரு நாள், "திருநங்கைம்மா, கொழுப்பு நாலரை" என்றார். வரிசையில் நின்ற யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அந்த நோட்டில் என் பெயருக்கு நேராகப் போட்ட எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். பிறகு அவர் என்னைப் பெயர் சொல்லியே கூப்பிட ஆரம்பித்தார். பெயருக்குப் போக அவருக்கு நடுவில் ஒரு படி தேவைப்பட்டது.

அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே நங்கை என்பதில் இருந்த மரியாதைதான். உங்கள் பாட்டிகளும் ஆண்டாளும் கல்வெட்டும் சேர்த்து வைத்த மரியாதையில் எங்களுக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். இப்போது எங்கள் பக்கம் வந்துவிட்டது என்பதற்காக நீங்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுந்து போனால், பந்தியில் நாங்கள் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து போகிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள்தான் நாங்கள். ஆனால் வலிக்காது என்று இல்லை.

போடுங்கள் அக்கா. நர்ஸம்மாவைத் திருநங்கை என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். அதில் அவருக்கு என்ன குறை?

---

கோபிக்காரி | புதன், இரவு 8.32

நிலாமகள் நங்கையா, உங்களை நான் இப்படிக் கூப்பிடலாமா?

---

நிலாமகள் | புதன், இரவு 8.41

கூப்பிடு கண்ணு.

---

நேர்ப்பேச்சு | புதன், இரவு 9.15

சண்டை எதற்கு, வேறு சொல் போடுங்கள் என்று முதலில் சொன்னவன் நான். யோசிக்காமல் சொன்னேன். பந்தி என்று நீங்கள் எழுதியதைப் படித்து வருத்தமாக இருக்கிறது. மன்னியுங்கள் சகோதரி.

---

ஏடும்எழுத்தும் | வியாழன், காலை 6.10

நிலாமகள் அம்மா எழுதியதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆண்பாலில் திருநம்பி என்று வந்தபோது இலக்கணச் சோடி மறுபடி சேர்ந்ததே என்று தனியாக மகிழ்ந்தவன் நான்.

கேடயத்துக்கு ஒரு யோசனை மட்டும். "நற்பணி நங்கை" நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் விருது வாசம் அடிக்கிறது. சொல்தேடித் தம்பி சொன்ன "நம்" மனதில் நிற்கிறது. "நம்மூர் நங்கை" என்று போட்டால் என்ன? அதற்குக் கீழே அவர் பெயர். பெயருக்குக் கீழே 34 ஆண்டு என்று எண்ணில். அதோடு நிறுத்திவிடுங்கள். கீழே அடுக்குமொழி வேண்டாம்.

---

மன்னைச்செல்வி | வியாழன், இரவு 9.00

ஐயா, அப்படியே கொடுத்துவிட்டேன். குழுவில் நிலாமகள் அக்கா எழுதியதை அப்படியே சத்தமாகப் படித்துக் காட்டினேன். முதலில் மறுத்தவர் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது, "போடுங்க" என்றார்.

அப்புறம் ஒரு விஷயம். கடைக்காரர் பெயர் கேட்டார். எங்கள் யாருக்கும் நர்ஸம்மாவின் முழுப்பெயர் தெரியவில்லை! 34 வருடம் நர்ஸம்மா, நர்ஸம்மா என்றே கூப்பிட்டிருக்கிறோம். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தால் கையெழுத்துதான் இருக்கிறது, அதுவும் சுருக்கொப்பம். என் பெரியவனுடைய அட்டை, சின்னவளுடைய அட்டை, பக்கத்து வீட்டு அட்டை, எல்லாவற்றிலும் அதே சுழி. நாளைக்குக் காலையில் யாராவது நேரில் போய்க் கேட்க வேண்டும்.

---

மன்னைச்செல்வி | பதினோரு நாள் கழித்து, திங்கள், இரவு 10.05

விழா முடிந்தது.

பெயரைக் கேட்கப் போனது நான்தான். "எதுக்கும்மா?" என்றார். ரேஷன் கார்டில் ஒரு சந்தேகம் என்று பொய் சொன்னேன். காகிதத்தில் தலைப்பெழுத்தோடு அழகாக எழுதிக் கொடுத்தார்.

துணை சுகாதார நிலைய வாசலில் பந்தல் போட்டோம். கேடயத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "நம்மூர் நங்கை" என்பதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தார். கீழே இருந்த வரிக்கு வந்ததும் விரலை அதன்மேல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவினார். "தலைப்பெழுத்து சரியா போட்டிருக்கீங்க. அப்பா பேரு" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. மைக்கைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை வேலை இல்லை, ஓய்வு பெற்றாகிவிட்டது. ஆனாலும் வந்தார். புதிதாக வந்திருக்கும் நர்ஸ் சின்னப் பெண், வெளியூர். அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரப்பு வழியே வந்து ஒவ்வொரு வீடாகக் காட்டினார். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் குழந்தைக்குப் போன தடவை ஊசி போட்ட இடத்தில் வீங்கியது, எந்த வீட்டில் மாமியாரிடம் முதலில் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெட்டியை அந்தப் பெண் தூக்கி வந்தாள். எங்கள் வாசலுக்கு வந்ததும் என் சின்னவள் உள்ளே ஓடி ஒளிந்துகொண்டு, "நர்ஸம்மா வந்துட்டாங்க" என்று கத்தினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.